மாட்டேங்குது

சாந்தாமணிக்கும் எந்திரத்துக்கும் நடுவில் முதல் தகராறு ஒரு சொல்லால்தான் வந்தது.

"கையை மேல தூக்குங்க மாஸ்டரம்மா," என்றாள் மிதுனா.

சாந்தாமணி பல்லைக் கடித்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. தோளிலிருந்து விரல்நுனி வரை சாம்பல் நிற உறை மாட்டியிருந்த வலது கை, மேஜைமேல் வைத்த இடத்திலேயே கிடந்தது.

"வர மாட்டேங்குது கண்ணு."

உறையில் எரிந்துகொண்டிருந்த பச்சை விளக்கு பட்டென்று அணைந்தது. "மறுப்பு பதிவாகியுள்ளது. பயிற்சி நிறுத்தப்படுகிறது," என்றது எந்திரம், ரயில் தாமதத்தை அறிவிக்கிற பெண்ணின் குரலில்.

"யாரு மறுத்தா?" என்று நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார் சென்னியப்பன். "அவ தூக்கத்தானே பாக்கறா! வண்டி ஸ்டார்ட் ஆக மாட்டேங்குதுன்னா வண்டி மேல கேஸு போடுவீங்களா?"

மிதுனா சிரித்துவிட்டாள். கோவையில் புதிதாகத் திறந்திருந்த அந்த அசைவு மையத்தில் அவள்தான் பிசியோதெரபிஸ்ட். தாராபுரத்துப் பெண். சாந்தாமணியிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவள் என்பதால், இவர்கள் வரும் நாளில் வேறு யாரையும் கிட்டே விடமாட்டாள்.

தாராபுரத்தில் கார் வைத்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு ஸ்டீயரிங் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவள் சாந்தாமணி. ஊருக்கே அவள் மாஸ்டரம்மா. தானாக ஓடும் கார்கள் வந்து வருஷக்கணக்காகியும், குறுக்கே வரும் வெள்ளாட்டுக்கும் எதிர்த்திசையில் வரும் மொபெட்டுக்கும் நடுவில் அவை திகைத்து நின்றுவிடுவதால் நம் பக்கத்தில் டிரைவிங் ஸ்கூலுக்கு இன்னும் பஞ்சம் வரவில்லை. சென்னியப்பன் அவள் கணவர். ஸ்கூலின் ஆபீஸ் மேஜை அவருடையது. ஊருக்கெல்லாம் ஓட்டக் கற்றுக் கொடுத்தவள் அவருக்கு மட்டும் கற்றுக் கொடுக்கவில்லை. "உங்களுக்கு மட்டும் சொல்லித்தர மாட்டேன். நம்ம குடும்பம் நல்லாயிருக்கறது புடிக்கலீங்களா?" என்று கல்யாணமான புதிதில் சொன்னவள், அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்க விட்டதில்லை.

அந்த வீட்டில் 'மாட்டேன்' அவள் இலாகா, 'சரி' அவர் இலாகா. சரியாக ஓட்டாத பையனுக்கு அவன் அப்பா கவுன்சிலராக இருந்தாலும் அவள் கையெழுத்துப் போட மாட்டாள். மகன் கவின் பெங்களூரிலிருந்து வரும்போதெல்லாம், "ஸ்கூல மூடிட்டு கிரவுண்ட வாடகைக்கு விட்டுட்டு எங்ககூட வந்துருங்கம்மா" என்று ஆரம்பிப்பான். அவள் மாட்டேன் என்பாள். அவன் அப்பாவைப் பார்ப்பான். அப்பா, "அதான் அம்மா சொல்லிட்டாளே, சரி விடு" என்பார். இப்படியே எல்லோரும் சௌக்கியமாக இருந்தார்கள்.

மாசி மாதத்தில் ஒரு காலை, பல் துலக்கும்போது பிரஷ் அவள் கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுக்கப் போனவள் எழவில்லை. வாதம் வலது பக்கத்தை அடித்துப் போட்டிருந்தது. பேச்சு சில நாளில் திரும்பிவிட்டது, காலும் இழுத்து இழுத்து நடக்கிற அளவுக்கு வந்துவிட்டது. கை மட்டும் வரவில்லை. கை வராவிட்டால் அவள் இனி அந்தக் காரில் ஏறிச் சொல்லித்தர முடியாது. சாந்தாமணிக்கு அது ஒன்றுதான் கவலை. மற்றதெல்லாம் நடந்தால் நடக்கட்டும், நடக்காவிட்டால் போகட்டும் என்றிருந்தாள்.

"இதுல ஒரு சட்டம் இருக்குங் அங்கிள்," என்றாள் மிதுனா. "தலையில மாட்டியிருக்கற பட்டை, கையைத் தூக்கணும்னு மூளை நெனைக்கறதப் புடிச்சு உறைக்குச் சொல்லும். உறை தூக்கி விடும். அப்பிடியே பழகப் பழகக் கை தானா வந்துரும். ஆனா முன்னாடி ஒரு ஊருல, படுத்த படுக்கையா கெடந்த பெரியவரு கையில இதை மாட்டி, அவரு வேண்டாம் வேண்டாம்னு கத்தக் கத்தச் சொத்துப் பத்திரத்துல கையெழுத்துப் போட வச்சுட்டாங்க. அதுக்கப்பறந்தான் சட்டம் வந்துது. ஒடம்புக்குச் சொந்தக்காரங்க மறுத்தா எந்திரம் நின்னுரணும். மறுத்துட்டே இருந்தா, இவங்களுக்கு இஷ்டமில்லைன்னு முடிவு பண்ணி, வரிசையில நிக்கற அடுத்த ஆளுக்குக் குடுத்துருவாங்க."

"அவளுக்கு இஷ்டமில்லைன்னு எவன் சொன்னது?"

"மாட்டேங்குதுன்னு சொல்லாதீங்க மாஸ்டரம்மா. முடியலைன்னு சொல்லுங்க. மெஷினு எங்கியோ செஞ்சது, அது புத்தகத் தமிழ் படிச்சிருக்கு."

அன்று தாராபுரம் திரும்பும் வழி முழுவதும் பஸ்ஸில் சென்னியப்பன் மனைவிக்குத் தமிழ்ப் பாடம் எடுத்தார். சாவி திறக்க மாட்டேங்குது என்று சொல்லக்கூடாது, சாவியால் திறக்க முடியவில்லை. பால் பொங்க மாட்டேங்குது இல்லை, பால் பொங்கவில்லை. "உங்க வாயி மூட மாட்டேங்குது," என்றாள் சாந்தாமணி. முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

அடுத்த முறை அவள் பாடத்தை ஒழுங்காகவே ஒப்பித்தாள். "முடியல கண்ணு," என்றாள்.

"மறுப்பு பதிவாகியுள்ளது," என்றது எந்திரம்.

வாயே திறக்காமல் முயற்சி பண்ணினாள். அப்போதும் மறுப்பு பதிவானது. மிதுனா திரையைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

"தப்பு மெஷினு மேல இல்லீங்க அங்கிள். அது வார்த்தையக் கேக்கவே இல்ல. மூளையத்தான் கேட்டிருக்கு."

"அப்பிடீன்னா?"

"வாதம் வந்தப்ப கைக்கு நெசமாவே முடியல. தூக்கப் பாத்து தூக்கப் பாத்து மூளை தோத்துப் போச்சு. அதனால இந்தக் கை வேண்டாம், விட்டுருன்னு ஒரு முடிவு எடுத்து வச்சிருச்சு. இப்ப நரம்பெல்லாம் தேறிருச்சு. முடியும். ஆனா மூளை பழைய முடிவை விட மாட்டேங்குது. மாஸ்டரம்மா தூக்குன்னு சொல்றாங்க, உள்ளயே இன்னொரு எடம் மாட்டேன்னு சொல்லுது. ரெண்டும் அவங்க மூளைதான்."

சென்னியப்பனுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. சாந்தாமணிக்குக் கோபம் வந்துவிட்டது.

"நாந்தானே தூக்கச் சொல்றேன்? எனக்குள்ள ஒக்காந்துட்டு மாட்டேங்கறது எவ?"

"அதுவும் நீங்கதானுங்க. சட்டப்படி."

வழி ஒன்று இருந்தது. மறுப்பு நீக்கம் என்று அதற்குப் பெயர். மறுப்பு எழும்போதெல்லாம் தலைப்பட்டை அதைத் தட்டி அடக்கிவிடும். அதற்கு நோயாளி தன் குரலில் சம்மதம் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். புதுசு, இன்னும் எல்லாம் தெரியாது என்று மிதுனா ஒளிக்காமல் சொன்னாள். யோசித்துச் சொல்கிறோம் என்று சென்னியப்பன் சொல்லி முடிப்பதற்குள் சாந்தாமணி, "எனக்குச் சம்மதம். மாட்டேங்கறவளப் புடிச்சு வெளிய தள்ளு," என்றாள்.

கை வந்தது. நம்ப முடியாத மாதிரி வந்தது. பங்குனி முடிவதற்குள் டம்ளரைப் பிடித்தாள். சித்திரையில் தானே சேலைக்கு மடிப்பு வைத்தாள். பட்டையும் உறையும் இப்போது வீட்டிலேயே இருந்தன. பகல் பூராவும் மாட்டிக்கொண்டிருப்பாள், தூங்கும்போது மட்டும் கழற்றுவாள். அவள் முதல்முதலில் வலது கையால் சோறு பிசைந்து வாயில் வைத்த மத்தியானம் சென்னியப்பன் கொல்லைப்பக்கம் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். இப்படி ஒரு சந்தோஷம் தன் கல்யாணத்தன்றுகூட அவருக்கு வந்ததில்லை.

சந்தோஷத்தில் ஆளுக்குக் கண் தெரியாது. அவருக்கும் பல விஷயங்கள் தெரியாமல் போயின, அல்லது தெரிந்தும் சுகமாக இருந்ததால் விட்டுவிட்டார். சர்க்கரைக்காரரான அவர் சாயங்காலம் இரண்டாவது காப்பி கேட்டால் முன்பெல்லாம் ஒரு பார்வைதான் கிடைக்கும். இப்போது, "சரிங்க" என்று காப்பியே வந்தது. ஜிலேபி வாங்கிக்கொள்ளட்டுமா என்றால் அதற்கும் சரிங்க. கவுன்சிலர் பையன் ஒரு நாள் ஆபீசுக்கு வந்து, பயிற்சி முடிந்ததாகக் கையெழுத்துக் கேட்டான். அவனுக்கு கியர் எது, ஹேண்ட் பிரேக் எது என்றே தெரியாது. சாந்தாமணி புதிதாக வந்த கையால் அழகாகக் கையெழுத்துப் போட்டாள். கை நன்றாக வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் போட்டாள் போலிருக்கிறது என்று சென்னியப்பன் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

கவின் வந்தான். வழக்கமான பேச்சை வழக்கமான இடத்தில் ஆரம்பித்தான்.

"சரி சாமி," என்றாள் சாந்தாமணி. "கிரவுண்ட விட்டுரலாம்."

கவின் அப்பாவைப் பார்த்தான். அவர் சொல்ல வேண்டிய 'சரி'யை அம்மாவே சொல்லிவிட்டதால் அவருக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. ஊருக்குக் கிளம்பும்போது கவின் அவரைத் தனியாக அழைத்து, "அம்மா எவ்வளவு மாறிட்டாங்கப்பா! கை வந்ததுல மனசும் லேசாயிருச்சு," என்றான். சென்னியப்பன் தலையாட்டினார். தலை ஆடியதே தவிர மனசு ஒப்பவில்லை. எந்தக் காரில் ஏறுவதற்காக அவள் கை வேண்டும் என்றாளோ, அந்தக் காருக்கு இனி இடமே இல்லை. அதற்கும் சரி என்கிறாளே.

அன்று சாயங்காலம் சும்மா ஒரு கேலிக்குக் கேட்டார். கேலிதான் என்று பிற்பாடும் தனக்குச் சொல்லிக்கொண்டார்.

"ஏம்புள்ள, எனக்குக் கார் ஓட்டச் சொல்லித்தர்றியா?"

"சரிங்க," என்றாள் சாந்தாமணி. எழுந்து சாவியை எடுத்து வந்தாள்.

கிரவுண்டில் யாரும் இல்லை. அவர் ஸ்டீயரிங் பக்கம் உட்கார்ந்தார். இடது பக்கம், தனக்கென்று தனி பிரேக்கும் கிளட்சும் வைத்த சீட்டில் அவள் உட்கார்ந்தாள். அவள் சொல்லச் சொல்ல அவர் செய்தார். குரல் பழைய மாஸ்டரம்மாவின் குரல்தான். வண்டி குலுங்கி, நின்று, மறுபடி குலுங்கி நகர்ந்தது. சென்னியப்பனுக்குக் குழந்தை மாதிரி சிரிப்பு வந்தது.

"நேரா போகட்டுமா?"

"சரிங்க."

எதிரே கிரவுண்டின் கோடியில் பழைய டயர்களை அடுக்கி வைத்திருந்தார்கள். அதற்குப் பின்னால் சுவர்.

"இன்னும் போகட்டுமா சாந்தா?"

"சரிங்க, போங்க."

அவள் கால் பிரேக்கின் மேலேயே இருந்தது. ஊரில் எத்தனையோ பேரை அந்தக் கால் காப்பாற்றியிருக்கிறது. இதோ இப்போது மிதிப்பாள், இதோ திட்டுவாள் என்று அவர் காத்திருந்தார். டயர்கள் கண்ணாடி முழுக்க வந்தன. அவருக்கு எதை மிதிப்பது என்று மறந்துபோனது. கார் டயர் அடுக்கில் போய் முட்டி, ஒரு டயர் பானட் மேல் உருண்டு விழுந்து, எஞ்சின் நின்றது. முன்விளக்கு நொறுங்கியது. இருவருக்கும் அடி எதுவுமில்லை.

"ஏன் பிரேக் போடல?" என்று கத்தினார்.

"நீங்கதானே போகட்டுமான்னு கேட்டீங்க?"

"சுவத்துல மோதப் போறது உனக்குத் தெரியலியா?"

"தெரிஞ்சுதுங்க."

"பயமா இல்லியா?"

"இருந்துச்சுங்க." அவள் பானட்டின் மேல் கிடந்த டயரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நிறுத்துங்கன்னு சொல்ல வந்துது. காலும் அழுத்த வந்துது. பாதியிலயே போயிருச்சு. தும்மல் வந்து வராமப் போகுமே, அந்தாட்ட. இப்பெல்லாம் நெறைய அப்பிடித்தான் ஆகுதுங்க. கவினுக்குச் சொல்லறப்பயும் ஆச்சு."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"நீங்க கேக்கலீங்களே."

சென்னியப்பன் ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டார். இரண்டாவது காப்பியும் ஜிலேபியும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்து அவரைக் குத்தின. அவள் வாய்க்குள் மாட்டேன் வந்து வந்து செத்துக்கொண்டிருந்த இத்தனை நாளும் அவர் சப்புக்கொட்டிக்கொண்டு இருந்திருக்கிறார். வெட்கமாக இருந்தது.

மறுநாளே கோவைக்குப் போனார்கள். மிதுனா எல்லாவற்றையும் கேட்டாள். கேட்டு முடித்ததும் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"எனக்கும் சந்தேகம் இருந்துதுங் அங்கிள். கைக்கு ஒரு மாட்டேன், வாய்க்கு ஒரு மாட்டேன்னு மூளை தனித்தனியா வச்சுக்கல போல. ஒண்ணை அமுக்குனா எல்லாமே அமுங்குது."

"இதை மாட்டுன மத்தவங்க யாரும் வந்து சொல்லலியா?"

"எப்பிடிச் சொல்லுவாங்க? இந்தச் சிகிச்சையில திருப்தியான்னு நாங்க ஒவ்வொருத்தரையும் கேட்டம். எல்லாருமே ஆமான்னுட்டாங்க. அத்தனை பேருக்கும் பரம திருப்தின்னு மேலிடத்துல கேக் வெட்டுனாங்க." மிதுனா சிரிக்க முயன்றாள். சிரிப்பு வரவில்லை.

"இப்ப என்ன பண்றது?"

"இன்னும் ஒரு வருஷம் பட்டை தலையில இருந்தா கை நல்லா ஊறிரும். அப்பறம் கழட்டுனாலும் கை போகாது. ஆனா மாட்டேன் திரும்பி வருமான்னு எங்களுக்குத் தெரியாது. இப்பவே கழட்டுனா மாட்டேன் வந்துரும். கை பழையபடி விழுந்துரும்."

"ரெண்டுக்கும் நடுவுல கொஞ்சம் கொறைச்சு வச்சுக்க முடியாதா?"

"முன்னாடியே, அளவு வைக்கறப்ப மத்தவங்களுக்குப் பண்ணிப் பாத்தமுங்க. கொறைச்ச ஒடனே கை நின்னுருது." அவள் சாந்தாமணியைப் பார்த்தாள். "கழட்டறதுக்கும் அவங்க சம்மதம் வேணும். தொடர்றதுக்கும் அவங்க சம்மதம் வேணும். அதான் சட்டம்."

சென்னியப்பன் மனைவியின் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டார். "சாந்தா, நல்லா யோசிச்சுச் சொல்லு. கழட்டிரலாமா?"

"சரிங்க."

"இல்ல, இருக்கட்டுமா?"

"இருக்கட்டுங்க."

ஆமாம், இல்லை என்று கேட்டால்தானே வம்பு? வேறு மாதிரி கேட்டுப் பார்த்தார். "உனக்குக் கை வேணுமா, மாட்டேன் வேணுமா?"

"மாட்டேன்," என்றாள்.

அப்பாடா என்று மூச்சு விட்டார். விட்ட மூச்சு பாதியில் நின்றது. எதற்கும் இருக்கட்டும் என்று திருப்பிக் கேட்டார். "மாட்டேன் வேணுமா, கை வேணுமா?"

"கை."

எதைக் கடைசியில் சொன்னாரோ அதைச் சொன்னாள். ஒன்றை எடுப்பது என்றால் இன்னொன்றை மாட்டேன் என்பதுதானே, அதற்கு அவள் எங்கே போவாள்? கேட்கக் கேட்க அவள் கண்ணில் தண்ணீர் கட்டியது. எந்தப் பதிலுக்கான கண்ணீர் அது என்று சென்னியப்பனால் கண்டுபிடிக்க முடியவில்லை. இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவளின் முகத்தைப் பரீட்சைத் தாளைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு எழுத்தும் விளங்கவில்லை.

"நீ சொல்லு கண்ணு," என்றார் மிதுனாவிடம். "இதுல எதைச் சம்மதம்னு எடுத்துக்கறது?"

"சட்டத்துக்கு எல்லாமே சம்மதந்தானுங்க. நீங்க எந்தக் கேள்விய மைக்கு முன்னாடி கேக்கறீங்களோ, அதுக்கு வர்ற பதில் செல்லும்." மிதுனா தலையைக் குனிந்துகொண்டாள். "நான் கேக்க மாட்டேன் அங்கிள். என்னால ஆகாது. நீங்களே கேளுங்க."

ஆயுசில் ஒரு முடிவும் தானாக எடுத்திராத மனிதர் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்தார். அன்று, கை வராத நாளில், முழு மாட்டேனோடு இருந்த சாந்தாமணி யோசிக்காமல் சம்மதித்தாள் என்பது நினைவு வந்தது. அப்போது அவளுக்கு விலை தெரியாது என்பதும் நினைவு வந்தது. விலை தெரிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள்? அதைச் சொல்லக்கூடிய ஆள் அவளுக்குள்தான் எங்கோ அமுங்கிக் கிடந்தாள். அவளிடம் கேட்க வேண்டுமென்றால் பட்டையைக் கழற்ற வேண்டும். கழற்றினால் கை போய்விடும். இருதலைக் கொள்ளி எறும்பாக அவர் அங்குமிங்கும் ஓடிப் பார்த்தார். கடைசியில் டயர் அடுக்கு கண்முன் வந்தது. காலடியில் பிரேக் இருந்தும் மிதிக்க முடியாமல், பயத்தோடு பார்த்துக்கொண்டே வந்த அந்த முகம் வந்தது.

"கழட்டிரலாமா சாந்தா?"

"சரிங்க."

சொன்ன அதே நேரம் அவள் வலது கை நீண்டு அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டது. இறுக்கிப் பிடித்தது. மிதுனா பட்டையைக் கழற்றிய பிறகும் விடவில்லை. சாந்தாமணியின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது.

"கை விட மாட்டேங்குதே," என்றார் சென்னியப்பன்.

"தசை இறுக்கந்தானுங்க அங்கிள். வாதம் வந்தவங்களுக்குச் சகஜம்," என்றாள் மிதுனா. அவரைப் பார்க்காமல்தான் சொன்னாள்.

கை கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. முதலில் பொத்தான் போடவில்லை. பிறகு டம்ளர் நிற்கவில்லை. ஆடி பிறந்தபோது அது பழையபடி மடியில் கிடந்தது. சாந்தாமணி அதிகம் பேசவில்லை. சென்னியப்பன் சமைத்தார், ஊட்டிவிட்டார், தலைவாரி விட்டார். கிரவுண்டை வாடகைக்கு எடுக்க வந்தவர்களிடம் கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லி அனுப்பினார். மாட்டேன் எப்போது வரும் என்று வாசலில் விருந்தாளிக்குக் காத்திருப்பதைப்போல் காத்திருந்தார்.

அது ஒரு சாயங்காலம் வந்தது. அவளுக்கு ஒரு காப்பி கொடுத்துவிட்டு, "நானும் இன்னொண்ணு போட்டுக்கட்டுமா?" என்றார்.

"ஒண்ணும் வேண்டாம். சர்க்கரைய ஏத்திட்டுப் போய்ச் சேரறதுக்கா? டம்ளர வைங்க கீழ."

சென்னியப்பன் டம்ளரைக் கீழே வைத்தார். அவருக்குக் கை கால் ஓடவில்லை. "இன்னொருக்காச் சொல்லு," என்றார்.

"சொல்ல மாட்டேன். ஒருக்காச் சொன்னாக் காது கேக்காதா?"

அவர் அழுதார். சிரித்தார். கவினுக்குப் போன் போட்டு, கிரவுண்டைத் தர முடியாதாம், அம்மா சொல்லிவிட்டாள் என்றார். மிதுனாவுக்குப் போன் போட்டு, வந்துவிட்டது, வந்துவிட்டது என்று கத்தினார். எல்லாம் முடிந்து அவளருகில் வந்து உட்கார்ந்தபோது சாந்தாமணி மடியில் கிடந்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரக் கேட்டுக் கழட்டுனீங்க?"

"உன்னையக் கேட்டுத்தான். மைக்குல இருக்குது. சரின்னு நீதான் சொன்னே."

"நான் சொன்னனா? அது எதுக்கும்தான் சரிங்கும். சொவத்துக்குக்கூடச் சரிங்கும். நீங்க மாத்திக் கேட்டிருந்தா மாத்திச் சொல்லியிருக்கும். அப்ப அது உங்க முடிவுதானே?"

அவர் டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தார்.

"எனக்கு அன்னைக்கு மாட்டேன்னு கத்தணும்னு இருந்துது. தொண்டை வரைக்கும் வந்துது. வாயில வரல, கையிலதான் வந்துது. உங்க சட்டையப் புடிச்சன். அதைக்கூடப் பிரிச்சு எடுத்துட்டீங்க."

"மிதுனா அது தசை இறுக்கம்னு..."

"தசை இறுக்கம்!" அவள் இடது கையால் வலது கையைத் தூக்கி அவர் மடியில் போட்டாள். அது ஈரத்துணி மாதிரி கிடந்தது. "இதை வச்சுட்டு நான் எந்தக் கார்ல ஏறுவேன்? யாருக்குச் சொல்லித்தருவேன்? மாட்டேன் மாட்டேன்னு இந்தக் கட்டில்ல ஒக்காந்து உங்களுக்குக் காப்பி வேண்டாம்னு சொல்றதுக்கா எனக்கு மாட்டேன்?"

"உன்னோட பயத்தப் பாத்தேன் சாந்தா. அந்த முகத்த மறுக்காப் பாக்க என்னால முடியாது."

"அது உங்களுக்குத்தானே முடியாது? எனக்கு முடியும். ஒரு வருஷம் பல்லக் கடிச்சுட்டு இருந்துருவேன். அதுக்கப்பறம் மாட்டேன் வருமோ வராதோ, வரலீன்னாலும் கை இருக்கும். இப்ப விலை தெரிஞ்சு சொல்றேன், முழுப் புத்தியோட சொல்றேன். மிதுனாவக் கூப்புட்டு மறுக்கா மாட்டச் சொல்லுங்க."

சென்னியப்பன் ஜன்னல் பக்கம் திரும்பினார். அவள் சொல்வது சரியா? அவளுக்கு அது பிடித்துத்தான் கேட்கிறாளா, கோபத்தில் கேட்கிறாளா? திரும்பி வந்த சாந்தாமணி தன்னையே மறுபடி தூக்கிக் கொடுத்துவிடு என்கிறாள். கொடுத்தால் இப்படி எதிரே உட்கார்ந்து சண்டை போட ஆள் இருக்காது. கொடுக்காவிட்டால், அவள் பேச்சைக் கேட்காமல் அவள் உடம்பின்மேல் முடிவெடுத்த ஆள் அவர்தான், இரண்டாவது தடவையும். அந்தப் பெரியவரின் கையைப் பிடித்துப் பத்திரத்தில் எழுத வைத்தவர்களும் ஏதோ நல்லதுக்குத்தான் என்று நினைத்திருப்பார்களோ என்னவோ.

ஆனால் ஒன்று மட்டும் அவருக்குத் தெரிந்தது. அவள் வேண்டும். இந்தச் சண்டைக்காரிதான் வேண்டும். முடியாது என்றால் அது பொய்யாகிவிடும். போனில் மிதுனாவின் எண் இருக்கிறது, விரலால் தொட்டால் போதும், யாராலும் முடியும். அவர் சொல்ல வேண்டியது வேறு சொல். அந்த வீட்டில் அதைச் சொன்னவள் அவள் ஒருத்திதான். இன்றைக்கு அவர் சொல்லப் போகிறார்.

"என்னங்க, கூப்புடறீங்களா?" என்றாள் சாந்தாமணி.

அவர் அவள் பக்கம் திரும்பினார். மாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தார். வந்தது. தொண்டை வரைக்கும் வந்தது.

"சரி," என்றார் சென்னியப்பன்.